நெய் குடிக்கப் போகிறவர்களுக்கு: கேரள ஆயுர்வேத ரிசார்ட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

பொள்ளாச்சியில் 28 வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்தினேன். காலை எட்டரைக்குக் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் உட்காருவது. முழங்கால் இரண்டும் அதற்கு வட்டி கேட்க ஆரம்பித்தபோது எனக்கு 54 வயசு. அதன் பிறகு மூன்று தடவை கேரளத்து ஆயுர்வேத ரிசார்ட்டுகளில் தங்கி எண்ணெயில் ஊறி வந்திருக்கிறேன். முதல் தடவை ஏமாந்தேன். இரண்டாவது தடவை இடம் நன்றாக இருந்தது, தப்பு என்னுடையது. மூன்றாவது தடவைதான் ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பினேன்.

இப்போது தெரிந்தவர்கள் போன் போட்டு, "எந்த ரிசார்ட் நல்லா இருக்குங்க?" என்று கேட்கிறார்கள். பெயர் சொல்வதில்லை. வைத்தியர் வேலை மாறிப் போய்விட்டால் அதே கட்டடம் வேறு இடமாகிவிடும். எப்படிப் பார்ப்பது, என்ன கேட்பது, எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

உருளி எங்கே இருக்கிறது?

முதல் தடவை போனது கடற்கரை ஓரம். பெரிய இடம். வாசலில் தேக்குக் கதவு, பித்தளைக் குமிழ். உள்ளே நுழைந்ததும் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு வெண்கல உருளி, அதில் தண்ணீர் விட்டு அரளிப் பூவும் தாமரையும் மிதந்தன. சந்தனம் வைத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள், நானும் என் நாத்தனாரும் அந்த உருளிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். "நங்கையா, அரண்மனை மாதிரி இருக்குது" என்றாள் அவள்.

வைத்தியர் என்னைப் பார்த்தது ஏழு நிமிஷம். கவுண்ட்டரில் நின்ற பழக்கம், கடிகாரம் தானாகக் கண்ணில் படும். எனக்கு மூட்டுத் தேய்மானம், நாத்தனாருக்கு மைக்ரேன். இரண்டு பேருக்கும் ஒரே அட்டை: காலை எண்ணெய்த் தேய்ப்பு, மாலை சிரோதாரை (நெற்றியில் தைலத்தைத் தாரையாக விடுவது), ஏழு நாள். எண்ணெயில் லெமன்கிராஸ் வாசனை. "பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். அந்தப் பெண் திருதிருவென்று விழித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஜாரைக் கொண்டுவந்தாள். லேபிளே இல்லை. பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எதுவும் இல்லாத பொருளை என் கடை அலமாரியில் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டேன், அதை என் முதுகில் ஊற்றுகிறார்கள். சாயங்காலம் சாப்பாட்டுக்குப் போனால் பஃபேயில் இறால் வறுவல், சாக்லேட் கேக்.

இரண்டாவது இடம் பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவே, நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு பழைய நாலுகெட்டு வீடு. வாசலில் சந்தனமும் கிடையாது, பூவும் கிடையாது. பின்கட்டுக்குப் போனபோது பார்த்தேன்: அதே அளவு உருளி, அடியெல்லாம் கரி, விறகடுப்பில் ஏறியிருந்தது. அதில் குறுந்தோட்டி வேர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் மரத்துடுப்பால் கிளறிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து எனக்கு இதுதான் முதல் சோதனை. உருளி வரவேற்பறையில் பூ மிதக்க இருந்தால் உஷாராகிவிடுவேன். அடுப்பில் இருந்தால் மேற்கொண்டு பேசுவேன். நேரில் போக முடியாதவர்கள் போனிலேயே கேட்கலாம்: "கஷாயமும், ஒத்தடத்துக்கான மருந்து மூட்டையான கிழியும் அங்கேயே செய்கிறீர்களா, தைலம் எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது?" நல்ல இடத்தில் தயங்காமல் பதில் வரும். சொந்தமாகக் காய்ச்சவில்லை என்றால் அது குறையே கிடையாது. பி.எஸ். வாரியர் 1902-ல் தொடங்கிய கோட்டக்கல் ஆர்ய வைத்திய சாலை, நம் கோயம்புத்தூரில் 1943-ல் பி.வி. ராமவாரியர் தொடங்கிய ஆர்ய வைத்திய பார்மசி மாதிரி பழைய கம்பெனிகளின் தைலத்தைத்தான் பல இடங்களில் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் லேபிள் இருக்க வேண்டும். ‘க்ஷீரபலா 101’, ‘தான்வந்தரம் 101’ என்று போட்டிருப்பதைப் பார்த்தால் அது மாடல் நம்பர் என்று நினைத்துவிடாதீர்கள். 101 ஆவர்த்தி, அதாவது அதே தைலத்தை அத்தனை முறை திரும்பத் திரும்பக் காய்ச்சியது என்று கணக்கு.

பழைய வீடு என்பது வேறு விஷயம்

கேரளத்தில் இந்த ரிசார்ட் முறைக்கு ஒரு கதை இருக்கிறது. கோவளத்துக்குத் தெற்கே சொவ்வரையில் 1985-ல் தொடங்கிய சோமதீரம், ஆயுர்வேத வைத்தியத்தையும் கடற்கரைத் தங்கலையும் ஒன்றாகச் சேர்த்த முன்னோடிகளில் ஒன்று. பழைய மர வீடுகளைக் கிராமங்களிலிருந்து பிரித்து எடுத்துவந்து அங்கே நிறுத்தினார்கள். குமரகத்தில் கோகனட் லகூனிலும் அப்படித்தான். அந்த வீடுகள் பெரும்பாலும் ஆணியை நம்பாமல் பொருத்து மேல் பொருத்தாக நிற்பவை. ஆசாரிமார்கள் ஒவ்வொரு துண்டுக்கும் அடையாளம் போட்டுக் கழற்றி, இன்னொரு ஊரில் அதே வரிசையில் பூட்டிவிடுவார்கள். எங்கள் ஊரிலிருந்து பாலக்காடு ரயிலில் போனால் முதலமடைக்கு அடுத்து கொல்லங்கோடு வரும். அங்கே வேங்ஙநாட்டு அரச குடும்பத்து அரண்மனையே களரி கோவிலகம் என்ற பெயரில் சிகிச்சை இடமாக மாறியிருக்கிறது. அசைவமும் மதுவும் உள்ளே கிடையாது.

அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நடுமுற்றம் உள்ள ஓட்டு வீட்டில் மழை நாளில் காற்று சீராக ஓடும், ஏ.சி. தேவைப்படாது. எண்ணெய் சிகிச்சை எடுக்கும் நாட்களில் ஏ.சி. வேண்டாம் என்றுதான் பெரும்பாலான வைத்தியர்கள் சொல்வார்கள். நீச்சல் குளமும் அப்படியே. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்த உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். உச்சி வெயிலில் கடற்கரையில் நடக்கவும் விடமாட்டார்கள். ராத்திரி ஒன்பதுக்குப் படுக்க வேண்டும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘பிரைவேட் பூல் வில்லா, கடல் பார்த்த அறை, தினமும் இரவு கதகளி’ என்று விளம்பரம் செய்கிற ஒரு இடத்தில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் முக்கால்வாசி, சிகிச்சை நாட்களில் தொடக்கூடாத பொருளுக்குப் போகிறது. கதகளி கோயிலில் விடிய விடிய நடக்கும் ஆட்டம். அதில் இருபது நிமிஷத்தை வெட்டி எடுத்துச் சூப்புக்கும் சோற்றுக்கும் நடுவே வைப்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அது என் சொந்தக் குணம். கதகளி பார்க்க ஆசை இருந்தால் சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய் முழுசாகப் பாருங்கள்.

காசு கொடுக்கத் தகுந்தது நான்கு இடத்தில்: வைத்தியரின் நேரம், தேய்ப்பவர்களின் எண்ணிக்கை, சமையலறை, நிற்காத வெந்நீர். கடைசியைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மழைக்காலத்தில் கரண்ட் போய், சோலார் ஹீட்டரும் கைவிட்டு, தலை முதல் கால் வரை எண்ணெயோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் சொல்கிறேன்.

போனில் பேசும்போது

முதலில் ஒரு தூண்டில் கேள்வி போடுங்கள்: "ஏழு நாளில் முழு பஞ்சகர்மா முடியுமா?"

"முடியும், பேக்கேஜ் இருக்கிறது" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடலாம். பஞ்சகர்மா என்பது வமனம் (வாந்தி), விரேசனம் (பேதி), வஸ்தி (எனிமா), நஸ்யம் (மூக்கில் மருந்து விடுவது), ரக்தமோக்ஷணம் (ரத்தம் வெளியேற்றுவது) என்று ஐந்து. எல்லாருக்கும் ஐந்தும் செய்வதில்லை. ஆனால் விரேசனம் ஒன்றை மட்டும் முறையாகச் செய்யவே, அதற்கு முன் சில நாள் நெய், பிறகு எண்ணெயும் வேர்வையும், பேதி நாள், அதன் பிறகு கஞ்சியிலிருந்து சோற்றுக்குப் படிப்படியாக ஏறுவது என்று பத்து நாள் ஓடிவிடும். 14 நாள், 21 நாள் என்று நல்ல வைத்தியர்கள் சொல்வது அதனால்தான். ஏழு நாள்தான் லீவு என்றால் ‘சுகசிகிச்சை’ என்று கேளுங்கள். அது எண்ணெய், கிழி, ஓய்வு, அவ்வளவுதான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, உடம்புக்கு நன்றாகவே இருக்கும். குருவாயூர் தேவஸ்வத்து யானைகளுக்குக்கூட வருஷா வருஷம் ஜூலையில் சுகசிகிச்சை உண்டு. யானைக்கே ஒரு மாதம் கொடுக்கிறார்கள், நாம்தான் சனி ஞாயிறில் முடியுமா என்று கேட்கிறோம்.

அடுத்து, ரிசர்வேஷன் ஆளை விட்டுவிட்டு வைத்தியரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். பி.ஏ.எம்.எஸ். என்ற ஆயுர்வேதப் பட்டம் படித்தவரா, பதிவு எண் என்ன, முழுநேரமும் அங்கேயே இருப்பவரா, வாரத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவரா. கேரள சுற்றுலாத் துறை ஆயுர்வேத மையங்களுக்குத் தரச் சான்று கொடுக்கிறது. முன்பு கிரீன் லீஃப், ஒலிவ் லீஃப் என்று இருந்தது, பிறகு ஆயுர் டயமண்ட், ஆயுர் கோல்டு, ஆயுர் சில்வர் என்று வந்தது. மருத்துவமனையாகவே நடத்துகிறவர்களில் சிலர் என்.ஏ.பி.எச். என்ற மருத்துவமனைத் தர அங்கீகாரமும் வாங்கியிருப்பார்கள். சான்று இருந்தால் எந்த வருஷம் வரை செல்லும் என்பதையும் கேளுங்கள்.

பெண்களுக்குப் பெண்கள், ஆண்களுக்கு ஆண்கள். இதில் யாராவது வழுக்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிழிச்சில் எடுப்பதாக இருந்தால் எத்தனை பேர் செய்வார்கள் என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் ஆள் நின்று, துணியை வெதுவெதுப்பான தைலத்தில் தோய்த்துத் தோய்த்து உடம்பில் பிழிய வேண்டும். ஒருவர் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஆள் செய்தால் ஒரு பக்கம் சுடும், இன்னொரு பக்கம் நடுங்கும். இதற்கு லிட்டர் கணக்கில் தைலம் ஆகும். ஒருவருக்கு எடுத்த தைலத்தை அவருக்கே சில நாள் சூடுபடுத்திப் பயன்படுத்துவது பழைய வழக்கம்தான். அதை இன்னொருவருக்கு ஊற்றுவது வழக்கமே கிடையாது. நான் போன இடத்தில் பாத்திரத்தின் மேல் என் பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார்கள். வெட்கப்படாமல் கேட்டு வாங்க வேண்டியது இது.

எப்போது போவது? கர்க்கடக மாதம் என்று மலையாளிகள் சொல்வது நம் ஆடிதான், ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மழையில் உடம்பு இளகியிருக்கும், மருந்து பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்குத் தெரிந்த காரணம் இன்னும் சாதாரணமானது: வேர்க்காது, வெளியே போக முடியாது, அதனால் சொன்னபடி படுத்துக் கிடப்போம். கூடவே ஒரு லாபம், வெளிநாட்டுக்காரர்கள் குவியும் குளிர்காலத்தைவிட மழைக்காலத்தில் பல இடங்களில் வாடகை குறைவு. ஆனால் ஆடிக்கு மலையாளிகளே முன்பதிவு செய்துவிடுவார்கள். சித்திரையிலேயே பேசிவிடுங்கள்.

மாத்திரைப் பையை மறைக்காதீர்கள்

இது கடைக்காரி புத்தி, கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர், "ஆயுர்வேதத்துக்குப் போறேன், இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாமுங்களா?" என்று கேட்பார்கள். நிறுத்தக் கூடாது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தக் கூடாது. அதே சமயம் நிறுத்தாமல் அப்படியே போடுவதிலும் ஆபத்து உண்டு. சர்க்கரைக்கு கிளைமிபிரைடு போடுகிறவர், அங்கே போய் இரண்டு நாள் கஞ்சித் தண்ணீரில் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கும். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்குப் பேதி நாளில் நீர்ச்சத்து குறைந்து தலை சுற்றும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் புது மூலிகை எதையும் தொடும் முன் இரண்டு பக்கத்து வைத்தியரும் பேசியிருக்க வேண்டும். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் நெய் குடிப்பதை முதலில் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள், கிட்னி பலவீனமானவர்கள், இதயம் பலவீனமானவர்கள் ‘பேக்கேஜ்’ எதையும் நம்பிப் போக வேண்டாம்.

போகும் முன் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி சொல்லும் எச்.பி.ஏ.ஒன்.சி., கிட்னிக்குக் கிரியேட்டினின், கல்லீரல், கொழுப்பு, முடிந்தால் வயிற்று ஸ்கேன். அதை வாங்கிப் பார்க்காத வைத்தியரிடம் நெய் குடிக்காதீர்கள். அங்கே உள்ளுக்குக் கொடுக்கும் மருந்தில் ரச மருந்து, அதாவது பாதரசம் மாதிரி உலோகம் சேர்ந்தது உண்டா என்றும் கேளுங்கள். நச்சு வகைப் பொருள் சேர்ந்த ஆயுர்வேத மருந்தின் லேபிளில், வைத்தியர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம். பொட்டலமாக மடித்துக் கொடுத்தால் பெயர் எழுதிக் கேளுங்கள்.

ஐந்து நாள் நெய்

அந்த நாலுகெட்டு வீட்டில் வைத்தியர் என்னோடு ஒன்றேகால் மணி நேரம் பேசினார். தூக்கம், மலம், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன், எந்த மாதத்தில் வலி கூடும். கடைசியில் மூட்டைத் தொட்டார். மறுநாளிலிருந்து ஸ்நேகபானம், அதாவது மருந்து நெய் குடிப்பது, என்றார்.

காலை ஆறரை. வெறும் வயிறு. சின்ன எவர்சில்வர் டம்ளரில் குக்குலுதிக்தகம் கிருதம், பச்சையும் பழுப்பும் கலந்த நிறத்தில், வெதுவெதுப்பாக. முதல் நாள் 30 மில்லி. திக்தகம் என்றால் கசப்பு. வேப்பிலையை நெய்யில் வறுத்து அந்த நெய்யைக் குடிப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, பிறகு வெந்நீர், நாக்கில் துளி இந்துப்பு. அதைத் தாண்டிவிட்டேன் என்று பெருமையாக உட்கார்ந்தால் உண்மையான சோதனை பிறகுதான். நெய் செரிக்கிற வரைக்கும் சாப்பாடு கிடையாது, வெந்நீர் மட்டும். படுக்கலாம், தூங்கக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்து வைத்தியர் எட்டிப் பார்த்து, "ஏம்பக்கம் வந்நோ அம்மே?" என்றார்.

என் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்கிறார்போல என்று நினைத்து, "யாருமே வரலைங்க டாக்டர், நான் மட்டுந்தான் உக்காந்திருக்கேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஏம்பக்கம் என்றால் ஏப்பம். ஏப்பத்தில் நெய் வாசம் போய்விட்டதா, பசி வந்துவிட்டதா, இதைத்தான் அவர்கள் நாள் முழுக்கக் கேட்பார்கள். பசி நிஜமாக வந்த பிறகு கஞ்சி. மறுநாள் 60, பிறகு 90. ஐந்தாம் நாள் 150 மில்லி குடித்தபோது என் தோலிலேயே நெய் வாசம் வந்தது. அந்த ஐந்து நாளில் எனக்குப் பிடிக்காத ஆள் உலகத்தில் பாக்கி இல்லை. முக்கியமாக, வீட்டில் ஆப்பிள் நறுக்கிச் சாப்பிட்டுக்கொண்டே என்னோடு போனில் பேசிய என் வீட்டுக்காரர்.

பிறகு தைலமும் வேர்வையும், ஒரு நாள் விரேசனம். பேதிக்கு மருந்து கொடுத்து, எத்தனை தடவை என்று ஒரு பெண் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே இருப்பாள். அன்று சாயங்காலம் சும்மா கிடந்த உடம்பு இலவம்பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த நாட்களில் கஞ்சித் தெளிவு, கஞ்சி, குழைந்த சோறு என்று ஏற்றினார்கள். அதன் பிறகு வஸ்தி, அதாவது கஷாயமும் தைலமும் வைத்து எனிமா. விவரம் வேண்டாம், பயப்பட ஒன்றும் இல்லை.

கடைசி நாட்களில் ஞவரக்கிழி. ஞவரை என்பது 60 நாளில் விளையும் சிவப்பு நெல். அந்த அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டிக் கஷாயத்திலும் குழைய வேகவைத்து, துணியில் உருண்டையாகக் கட்டி, மறுபடி சுடச்சுடப் பால் கஷாயத்தில் தோய்த்து உடம்பு முழுக்கத் தேய்ப்பார்கள். இரண்டு பெண்கள், எதிரெதிராக நின்று, கை ஒரே தாளத்தில் இறங்கி ஏறும். பாத்தி என்று சொல்லும் அந்த மரப்பலகையில் பாயசத்தில் விழுந்த முந்திரி மாதிரி கிடப்பேன். அறை முழுக்கப் பால் பாயச வாசம். நானோ பத்து நாளாகக் கஞ்சியில் இருக்கிறேன். "மோளே, ஒரு கிழியை அவிழ்த்துக் கொடேன், சாப்பிட்டுடறேன்" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். குளித்து முடித்ததும் உச்சியில் ராஸ்னாதி பொடியைத் தேய்த்து அனுப்புவார்கள், நீர் கோக்காமல் இருக்க.

முதல் தடவை போகிற பெண்களுக்கு ஒன்று. சிகிச்சை மேசையில் துணி மிகக் குறைவாகத்தான் இருக்கும். கோவணம் மாதிரி ஒரு துணி கட்டிவிடுவார்கள். கூச்சமாக இருந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டே செய்யச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சூடு அதிகமானால் பல்லைக் கடிக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். பொறுத்துக்கொண்டு கொப்புளத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காசு

பெரிய இடங்களில் ஒரு நாளைக்கு ஐந்து இலக்கத்தில் வாங்குகிறார்கள். வைத்தியர் ஆலோசனை, சிகிச்சை, உள்மருந்து, மூன்று வேளைச் சாப்பாடு, யோகா எல்லாம் சேர்ந்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் மருந்து பெரும்பாலும் தனி. அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18% ஜி.எஸ்.டி. இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: வந்து பார்த்த பிறகு, "உங்களுக்கு இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்று வைத்தியர் சொன்னால் முன்பணம் திரும்புமா? திரும்பாது என்றால் அந்த வைத்தியர் அப்படிச் சொல்லவே மாட்டார்.

இன்ஷூரன்ஸை நம்பிக் கிளம்பாதீர்கள். ஆயுஷ் (ஆயுர்வேதம், சித்தா மாதிரி) மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் பல பாலிசிகளில் உண்டு. ஆனால் ஸ்பா, இயற்கை வைத்திய விடுதி மாதிரி இடங்களில் எடுக்கும் சிகிச்சை பாலிசியின் விலக்குப் பட்டியலில் அச்சாகியே இருக்கும். கை இறுக்கம் என்றால் கோட்டக்கல் மாதிரி பழைய வைத்திய சாலைகளின் மருத்துவமனைகளைப் பாருங்கள். பூமுகம் என்ற முன்வாசல் திண்ணையும் தாமரைக் குளமும் இருக்காது, வைத்தியம் இருக்கும்.

பையில் என்ன?

பழைய காட்டன் நைட்டி நாலு, திரும்பி வராது என்று நினைத்தே எடுத்துப் போங்கள். காதைக் கட்ட ஒரு பருத்தித் துண்டு. வழுக்காத செருப்பு, எண்ணெய்க் காலோடு வழவழப்பான கல் தரையில் நடப்பது சர்க்கஸ். டாக்டர் சீட்டோடு உங்கள் மாத்திரைகள். இரண்டு புஸ்தகம், ஆனால் சிரோதாரை நாட்களில் படிக்க விடமாட்டார்கள். நகை வேண்டாம். சோப்பு வேண்டாம், பயத்தம் பொடி கொடுப்பார்கள். ஊறுகாய் பாட்டிலை ஒளித்து எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெயர் சொல்லவில்லை, உடுமலையில் இருக்கிற என் நாத்தனாருக்குப் புரியும்.

திரும்பி வந்த பிறகு

இங்கேதான் இரண்டாவது தடவை கெடுத்துக்கொண்டேன். 14 நாள் அருமையாக முடிந்தது. பதினைந்தாம் நாள் நேராக அண்ணன் பையன் கல்யாணத்துக்குப் போனேன். ராத்திரி ரிசப்ஷன், பந்தியில் சாப்பாடு, இரண்டு மணி வரை பேச்சு, விடியற்காலை நாலரை முகூர்த்தம், பச்சைத் தண்ணீர்க் குளியல். மூன்றாம் நாள் வயிறு கெட்டு, ஒரு வாரத்தில் முழங்கால் பழைய நிலைக்கு வந்தது. வைத்தியரைக் கூப்பிட்டேன். திட்டவில்லை, "நல்லரிக்க எடுத்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். நல்லரிக்க என்பது சிகிச்சைக்குப் பிந்தைய பத்திய காலம். எத்தனை நாள் சிகிச்சையோ அத்தனை நாளாவது எளிய சாப்பாடு, வெந்நீர்க் குளியல், பகல் தூக்கமும் இரவு விழிப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். 14 நாள் லீவு எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், 28 நாளுக்குக் காலண்டரைப் பாருங்கள். கல்யாணம், காதுகுத்து, ஆடி நோம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள்.

மூன்றாவது தடவை அப்படித்தான் இருந்தேன். ஏழெட்டு மாதம் படி ஏறும்போது கைப்பிடியைத் தொடவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மூட்டு அப்படியேதான் தேய்ந்து கிடக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேய்ந்த எலும்பு முளைக்கும் என்று எந்த ரிசார்ட்டாவது சொன்னால் ஓடிவந்துவிடுங்கள்.

எண்ணெய் ஊறிய நைட்டிகளை வாஷிங் மெஷினில் மட்டும் போடாதீர்கள், அடுத்த பத்து நாளைக்கு வீட்டில் எல்லார் சட்டையிலும் தைல வாசம் வரும். சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்து அலசினேன், அப்படியும் முழுசாகப் போகவில்லை. மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன். வருகிற ஆடிக்கு அவையே போதும்.